எங்கள் வீட்டு நிழலுக்கு வந்த மருள்

எனக்குப் பாம்பென்றால் பயம். சிறுவயதில் பிடித்த பயம், அறுபது தாண்டியும் விட்டபாடில்லை. அந்தப் பயத்தால்தான் எங்கள் வீட்டுத் தோட்டத்துப் பக்கம், வேம்பும் நாவலும் சேர்ந்து விரிக்கிற அருமையான நிழலில், ஒரு செடிகூட இல்லாமல் தரை வெறுமையாகக் கிடந்தது. இன்று அதே நிழலில் மருள் வரிசையாக நிற்கிறது. பாம்பின் உடம்பில் இருப்பதைப் போன்ற பட்டைகள் குறுக்கே ஓடும் இலைகள் அதற்கு. நான் தேர்ந்தெடுத்த செடி அதுதான் என்று சொன்னால் என் உறவுக்காரர்களே நம்புவதில்லை. என்னைப் போல் பயந்தோ, நிழலில் எதுவும் வராது என்று எண்ணியோ மரத்தடியைச் சும்மா விட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஒரு பக்கம் ஏரி. கடற்கரைப் பக்கம் போகப்போகச் சவுக்குத் தோப்பு. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில், கொல்லையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த என் சித்தப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்தது. முதலில் மந்திரிக்கிறவரிடம் தூக்கிப் போனார்கள். அதில் நேரம் போயிற்று. பிறகுதான் ஆஸ்பத்திரி. சில நாளில் சிறுநீர் நின்று, முகம் வீங்கி, அவர் போய்ச் சேர்ந்தார். கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதெல்லாம் நான் வளர்ந்து படித்துத் தெரிந்துகொண்டது.

காரியம் முடிந்த மறுநாள் அப்பா மண்வெட்டியை எடுத்தார். மரத்தடியில் இருந்த எல்லாச் செடியையும் வெட்டி எறிந்தார். அம்மா ஆசையாய் வைத்திருந்த கனகாம்பரமும் அதில் போயிற்று. "செடி இருந்தா பூச்சி வரும்" என்றார். எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு பாம்பைப் பாம்பென்று சொல்ல மாட்டார்கள், பூச்சி என்பார்கள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து அந்த நிழல் தினமும் பெருக்கி, சாணி தெளித்து, வெறுந்தரையாகவே இருந்தது. அப்பா போனார், அம்மா போனார். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான் அந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். பெருக்கும் வழக்கத்தையும் விடாமல் தொடர்ந்தேன். வாசலில் வெயில் படுகிற இடத்தில் செம்பருத்தியும் ரோஜாவும் வைத்தேன். தோட்டத்துப் பக்கம் மட்டும் கை போகவில்லை.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன். தனியாக இருக்கும் வீட்டில் கண் ஓய்வதற்கு ஒரு நிறம் வேண்டும் என்று மனசு ஏங்கும். மத்தியானத்தில் வெயிலுக்குப் பயந்து நான் உட்காருவது அந்தப் பின்வாசல் படியில்தான். எதிரே மண் மட்டும் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற நர்சரிகளில் விசாரித்தேன். எல்லாரும் குரோட்டனைக் காட்டினார்கள். குரோட்டனின் சிவப்பும் மஞ்சளும் வெயிலில் வருபவை. அடர்ந்த நிழலில் வைத்தால் புது இலை பச்சையாகவே வரும், பழைய இலை உதிரும். பெரும்பாலான பூச்செடிகளும் அப்படியே. நிழலுக்கு உரிய அழகு பூவில் அதிகம் கிடைக்காது, இலையில்தான் தேட வேண்டும். அந்த இலையும் நிழலிலேயே பிறந்து வளர்ந்த இனத்தின் இலையாக இருக்க வேண்டும்.

அப்படி ஒரு செடி எங்கள் ஊர் எல்லையிலேயே இருந்தது. ஐயனார் கோயில் தோப்பில் பொங்கல் வைக்கப் போனபோது, பாலை மரத்துக்கும் காசாவுக்கும் அடியில், சருகைத் துளைத்துக்கொண்டு கொத்துக் கொத்தாக நின்றது. சாம்பல் படிந்த பச்சை. அதன் குறுக்கே மேலும் அடர்ந்த பச்சையில் ஒழுங்கில்லாத பட்டைகள். இலையின் முதுகில் நெடுக்காக ஓடும் கோடுகள். முதிர்ந்த இலையின் விளிம்பில் மெல்லிய வெள்ளை ஓரம். உச்சிவெயில் இலைகளுக்கிடையே சல்லடையாக இறங்கும் நேரத்தில், அந்தப் பட்டைகளும் தரையில் விழுந்த நிழலும் ஒன்றோடொன்று கலந்து, எது இலை எது நிழல் என்று தெரியாமல் இருந்தது. சின்ன வயதிலிருந்து வருஷா வருஷம் போகிற தோப்பு. பாம்பு இருக்குமோ என்று கால் வைக்கிற இடத்தை மட்டுமே பார்த்து நடந்தவள் நான். அன்று நின்று பார்த்தேன்.

இந்தத் தோப்பு எதன் மிச்சம் என்பதைப் பிறகு படித்தேன். சோழமண்டலக் கரையை ஒட்டி ஒரு காலத்தில் நீண்டு கிடந்த காட்டை உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். ஆண்டில் பல மாதம் மழையே இல்லாத நிலத்தில், இலையை மொத்தமாக உதிர்க்காமல் நிற்கும் குட்டை மரங்களின் காடு. சாம்பியனும் சேத்தும் 1968இல் திருத்தி வெளியிட்ட இந்தியக் காட்டு வகைப் பட்டியலில் இதற்குத் தனி இடம் உண்டு. பாலை, காசா, வீரை, காட்டெலுமிச்சை எல்லாம் இதன் மரங்கள். விறகுக்கும் வயலுக்கும் பிறகு சவுக்குக்குமாக இந்தக் காட்டின் பெரும்பகுதி போய்விட்டது. காப்புக்காடுகளிலும் சாமிக்குப் பயந்து யாரும் கை வைக்காத கோயில் தோப்புகளிலும்தான் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. அந்தக் காட்டின் அடித்தளத்தில், மரங்களின் காலடியில் வாழும் செடிகளில் ஒன்று மருள்.

இதன் அறிவியல் பெயரில் ராக்ஸ்பரோ என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வில்லியம் ராக்ஸ்பரோ 1776இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவப் பணிக்காகச் சென்னைக்கு வந்தவர். பிறகு ஆந்திரக் கரையில் சாமல்கோட்டையில் இருந்துகொண்டு சோழமண்டலக் கரையின் செடிகளை உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு வரைய வைத்தார். அந்தப் படங்கள் 1795 முதல் லண்டனில் தொகுதி தொகுதியாக அச்சாயின. அவர் நினைவாக 1829இல் இந்தச் செடிக்குச் சான்சிவேரியா ராக்ஸ்பர்கியானா என்று பெயர் வைத்தார்கள். அண்மைக்கால மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு சான்சிவேரியா இனம் முழுவதையும் டிரசீனாவோடு சேர்த்துவிட்டதால், இன்று டிரசீனா ராக்ஸ்பர்கியானா என்று எழுதுகிறார்கள்.

நம்மவர்களுக்கு இது அதற்கெல்லாம் வெகு காலம் முந்திய உறவு. சங்க இலக்கியத்தில் வரும் மரல் இதுதான். புறநானூற்றின் 264ஆம் பாட்டில், இறந்துபோன வீரனுக்கு நட்ட கல்லுக்கு மரலைக் கிழித்த நாரில் சிவந்த பூக்களைத் தொடுத்துச் சூட்டுகிறார்கள். பாலைக்கலியில், மழை பொய்த்த காட்டில் மரை என்னும் விலங்கு இந்த மரலைக் கடித்துத் தின்கிறது. இரண்டுமே செடியைக் கூர்ந்து பார்த்தவர்கள் எழுதியவை. இலையைக் கிழித்தால் நீளமான, வலுவான வெள்ளை நார் வரும். கயிறு திரிக்கவும் வில்லுக்கு நாண் கட்டவும் அது உதவியிருக்கிறது. இலையின் சதையில் தண்ணீர் சேர்ந்திருப்பதால் ஊரே காய்ந்தாலும் இது பச்சையாக நிற்கும். இத்தனை நாள் பயந்து ஒதுங்கிய செடியைப் பற்றி இவ்வளவு படித்த பிறகு, அது வீட்டுக்கு வர வேண்டும் என்ற ஆசை பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

ஆனால் பட்டை போட்ட அந்த இலையே எனக்குப் பாம்பை நினைவூட்டியது. பாம்புக்கு இது பிடித்த செடி என்றும், பாம்பை விரட்டுகிற செடி என்றும் ஊரில் இரண்டு விதமாகவும் சொல்வார்கள். இதைத் தெரிந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் மாவட்டத்தில் அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாம்புத் தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பு போன இருளர்கள் 1978இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்தில்தான் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்தைத் தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு இவர்கள் கையிலிருந்து போவது. இந்த மாவட்டத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் ஊர் டீக்கடையில் அன்று முழுக்க அதுதான் பேச்சு.

தண்டரையில் இருளர் பெண்கள் 1986 முதல் நடத்திவரும் நலச்சங்கத்தைப் பற்றியும் கேள்விப்பட்டிருந்தேன். மூலிகைகளையும் நாட்டுச் செடிகளையும் வளர்த்துக் காப்பாற்றுகிறவர்கள். எங்கள் ஊருக்கு வேலைக்கு வந்துபோகிற, செடி கொடியெல்லாம் பேர் சொல்லி அறிந்த ஓர் இருளர் பெண்ணிடம் என் பயத்தை முழுசாகச் சொன்னேன். சித்தப்பா கதையையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"பாம்பு செடியத் தேடி வராதுக்கா. எலியத் தேடி வரும், தவளையத் தேடி வரும். ஒதுங்க ஒரு சந்து கெடைச்சா அங்க படுக்கும். மொதல்ல அந்த விறகுக் குவியலப் பாருங்க" என்றாள்.

வீட்டுச் சுவரை ஒட்டி நான் அடுக்கி வைத்திருந்த விறகு, உடைந்த ஓடு, பழைய செங்கல், நெல் மூட்டை வைக்கிற அறையின் கதவுக்கடி இடைவெளி என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். செடியே இல்லாத என் தோட்டத்தில் பாம்புக்கு வேண்டிய எல்லாமும் இருந்தது. எந்தச் செடியும் பாம்பை அழைப்பதில்லை, எந்தச் செடியும் விரட்டுவதுமில்லை என்று அன்று புரிந்தது. விறகை வீட்டிலிருந்து தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி மேடை போட்டு அடுக்கினேன். சந்துகளைப் பூசினேன். அதன் பிறகுதான் மருளுக்கு இடம் பார்த்தேன்.

கோயில் தோப்பிலிருந்து பிடுங்கவில்லை. அங்கே இருப்பது அங்கேயே இருக்க வேண்டும். நாட்டுச் செடி வளர்க்கிற நாற்றங்காலிலிருந்து பக்கக் கன்றுகள் வாங்கினேன். ஆடியில் நட்டேன். அந்த மாதத்துச் சிறு தூறலில் வேர் பிடித்துவிட்டால், ஐப்பசி கார்த்திகை அடைமழையை அது தாங்கிக்கொள்ளும். அடைமழையிலேயே நட்டால், வேர் விடாத கிழங்கு அழுகும். மண்ணில்தான் கவனம் வேண்டும். எங்கள் செம்மண்ணில் ஆற்று மணலும் மக்கிய இலைச்சருகும் கலந்து, தரையைவிடச் சற்று உயர்த்தி மேடை போட்டேன். தண்ணீர் தேங்குவது ஒன்றுதான் இதற்கு எமன். வெயில் காலத்தில் மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். மழைக்காலத்தில் தொடவே வேண்டாம். இலைக் கொத்தின் நடுவில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மண்ணில் ஊற்ற வேண்டும். உரமென்று நான் போடுவது மரத்திலிருந்து விழுகிற சருகு மக்கியதைத்தான்.

பிறகு காத்திருக்க வேண்டும். இந்தச் செடி என்னிடம் கேட்டதிலேயே கடினமானது அதுதான். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். வகுப்பில் பிள்ளைகள் உடனே பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தே வாழ்க்கையை ஓட்டியவள் நான். தினமும் பின்வாசலில் உட்கார்ந்து, ஒன்றும் மாறவில்லையே என்று தவித்தேன். உள்ளே கிழங்கு பக்கவாட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஒருநாள் எதிர்பாராத இடத்தில், சுருட்டிய கூர்முனையோடு ஒரு குருத்து மண்ணைக் கிழித்து எழும். அதன் பட்டைகள் பழைய இலையில் இருப்பதைவிடத் துல்லியமாக, கழுவி வைத்ததுபோல் இருக்கும். சில ஆண்டு போனால் நடுவிலிருந்து ஒரு தண்டு உயர்ந்து, பச்சை கலந்த வெள்ளைப் பூக்களைத் தரும்.

நிழலும் நிறமும் எப்படிக் கட்டுண்டிருக்கின்றன என்பதை மாண்டஸ் புயல் காட்டியது. 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு அது மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. எங்கள் வேம்பின் பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்தது. கோடை வந்ததும் அந்த இடைவெளி வழியாக நேர்வெயில் மேடையின் ஒரு பாதியில் இறங்கியது. அந்தப் பாதியில் இருந்த இலைகள் வெளிறி மஞ்சளடித்தன. பட்டைகள் மங்கின. நிழல் மிஞ்சிய மறுபாதியில் பச்சை கெடவில்லை. செடி சாகவில்லை, ஆனால் அழகு போய்விட்டது. வேம்பு மறுபடி தழைக்கும் வரை தென்னங்கீற்றால் ஒரு பந்தல் போட்டுக் கொடுத்தேன். புதுக் குருத்துகள் பழைய நிறத்தோடு வந்தன. அடியோடு இருண்ட மூலையிலும் இது சோர்ந்து, வளர்ச்சி நின்றுவிடும். மரத்தடியில் சல்லடையாக விழும் வெளிச்சம்தான் இதற்குப் பொருத்தம். காலை வெயில் சிறிது பட்டால் நல்லது.

பலரும் என்னிடம் கேட்பது, நர்சரியில் ஸ்நேக் பிளான்ட் என்று விற்பதுதானே இது என்று. அது மருளின் உறவுக்காரச் செடி, மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. மஞ்சள் ஓரம் வைத்த வகையை எல்லா அலுவலக வரவேற்பறையிலும் பார்க்கலாம். அதன் இலையை வெட்டி நட்டு வளர்த்தால் பிறக்கும் கன்றில் மஞ்சள் ஓரம் இருக்காது, வேரோடு பிரித்து நட்டால்தான் இருக்கும். மருளில் பட்டைகள் செடியின் இயல்பு என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. இந்த இனத்தின் ஆப்பிரிக்கச் செடி ஒன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தோட்டத்தை விட்டு வெளியேறி, அங்கே உள்ள இயற்கைக் காட்டைக் கெடுக்கும் களையாகிவிட்டது. வெளியூர்ச் செடியை வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த மண்ணும் இந்த மழையும் இந்த நிழலும் பழகிய செடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, அதைப் பெரும்பாலான நர்சரிகள் விற்பதில்லை, கேட்பவர்களும் குறைவு என்பது எனக்கு வலிக்கிறது.

இரவில் ஆக்சிஜன் தரும், வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற விளம்பரத்தையும் நம்பி வாங்க வேண்டாம். பகல் வெப்பத்தில் நீரிழக்காமல் இருக்க, இந்த இனச் செடிகள் இலைத்துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே வாங்கி வைத்துக்கொள்கின்றன. ஒளிச்சேர்க்கை பகலில்தான். 1989இல் நாசா செய்த ஆய்வு மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. சாதாரண வீட்டில் அதே பலன் கிடைக்க, ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டியிருக்கும் என்று 2019இல் வந்த மறுஆய்வு காட்டியது. மருளை வளர்க்க அதன் அழகே போதுமான காரணம். ஒரு எச்சரிக்கை மட்டும்: இந்த இனத்து இலைகளில் சப்போனின் இருப்பதால், நாயோ பூனையோ மென்றால் வாந்தி எடுக்கும்.

என் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. இன்றும் மேடையருகே போகும்போது நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பயம் இப்போது எனக்கு வேலை செய்கிறது. காய்ந்த இலையை அகற்றும்போது வெறுங்கையை உள்ளே விடுவதில்லை, நீண்ட கோலால் விலக்கிப் பார்க்கிறேன். கால் மூடிய செருப்பில்லாமல் இறங்குவதில்லை. இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் பின்வாசல் தாண்டுவதில்லை. யாரையாவது பாம்பு கடித்தால் கட்டுப் போடக்கூடாது, கீறக்கூடாது, மந்திரிப்பவரிடம் போகக்கூடாது, அசையவிடாமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை எங்கள் தெருவில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. சித்தப்பா காலத்தில் இந்த அறிவு எங்களுக்கு இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்கலாம், அம்மாவின் கனகாம்பரமும் பிழைத்திருக்கும்.

பயத்தோடேயே ஒன்றை நேசிக்க முடியும் என்று இந்தச் செடிதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. பயத்தைத் துடைத்தெறிந்த பிறகுதான் தொடங்குவேன் என்று காத்திருந்தால், நான் இன்னும் வெறுந்தரையைத்தான் பெருக்கிக்கொண்டிருப்பேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு வேம்படியோ, மாமரத்தடியோ, வடக்குச் சுவரோரமோ சும்மா கிடக்கும். அங்கே மருளை வையுங்கள். காட்டிலிருந்தும் கோயில் தோப்பிலிருந்தும் தோண்டி எடுக்காதீர்கள். பக்கத்தில் உள்ள நாட்டுச் செடி நாற்றங்காலில் பெயர் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்றால் மறுபடியும் போய்க் கேளுங்கள், கேட்பவர்கள் இருந்தால்தான் அவர்கள் வளர்ப்பார்கள். செடி பெருகியதும் பக்கக் கன்றுகளைப் பிரித்து, கேட்கிற ஆளுக்குக் காசு வாங்காமல் கொடுங்கள்.